தேக்காவில் குடியிருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் ஒரு தேக்காவாசியின் பதில்களும்

சிங்கப்பூரின் தேக்காவில், பஃபலோ ரோட்டில், சந்தையை ஒட்டி நிற்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், ஈசூனிலோ ஜூரோங்கிலோ இருந்துகொண்டு "தேக்காவுக்கே மாறிவிடலாமா அக்கா?" என்று யோசிப்பவர்கள், பள்ளித் திட்டவேலைக்காக வரும் பிள்ளைகள் என்று யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் நிம்மதி.

தேக்காவா, லிட்டில் இந்தியாவா? எது சரி?

ரயில் நிலையப் பலகையில் லிட்டில் இந்தியா, வாயில் தேக்கா. லிட்டில் இந்தியா என்ற பெயர் 1980களில் சுற்றுலாவுக்காகப் பரப்பப்பட்டது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர் யாரும் "லிட்டில் இந்தியாவுக்குப் போய் கறி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாம் இவ்வளவு உரிமையோடு சொல்லும் தேக்கா ஒரு சீனப் பெயர். ஹொக்கியென் மொழியில் 'தெக் கியா கா' என்றால் சின்ன மூங்கில்களின் அடி. ரோச்சோர் கால்வாயோரம் அந்தக் காலத்தில் மூங்கில் மண்டிக் கிடந்திருக்கிறது. நம் ஊரில் புளியடி, ஆலடி என்பதுபோல இது மூங்கிலடி. மலாய்க்காரர்கள் இதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ் என்றார்கள், அதாவது எருமைக் கொட்டில். தமிழர்கள் பக்கத்துப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம். மலாயில் அதுவே கம்போங் காப்பூர். கம்போங் என்றால் கிராமம், தமிழர் வாயில் அது கம்பம்.

1915இல் கட்டிய பழைய சந்தைக்குப் பதிலாக 1982இல் சாலைக்கு எதிர்ப்பக்கம் புதுச் சந்தை வந்தது. அதற்கு மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். அதே மூங்கிலடிதான், ஒலிப்பு மட்டும் வேறு. தமிழர்களை விடுங்கள், ஹொக்கியென் பேசிய சீனப் பாட்டிகளுக்கே அது வாயில் நுழையவில்லை. கடைசியில் 2000இல் அதிகாரபூர்வமாகவே தேக்கா நிலையம் என்று மாற்றினார்கள்.

தமிழர்கள் சிங்கப்பூரில் முதலில் குடியேறியது இங்கேதானா?

இல்லை. அநேகமாக எல்லோரும் தவறாக நினைப்பது இதைத்தான்.

1819இல், இங்கே ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் மாரியம்மன் கோயிலை எழுப்பியது சவுத் பிரிட்ஜ் ரோட்டில். இன்று அது சைனாடவுன். ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்தில் இந்தியர்களுக்கு ஒதுக்கிய சூலியா கம்பம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருந்தது. செட்டியார்களின் கிட்டங்கிகள் மார்க்கெட் ஸ்திரீட்டில். துறைமுகத் தொழிலாளர்கள் தஞ்சோங் பகார் பக்கம், பின்னாளில் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் செம்பவாங்கில். தேக்கா ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே, சதுப்பும் புல்லுமாகக் கிடந்த இடம். சிராங்கூன் சாலை அதன் வழியே போனது, அவ்வளவுதான்.

அப்படியானால் இங்கே எதற்காக வந்தார்கள்?

மாட்டுக்காக.

சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் தெருப்பெயர்களைப் பாருங்கள். பஃபலோ ரோடு; பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். ஆக ஒரே பெயரில் இரண்டு தெரு. கொஞ்சம் தள்ளி லெம்பு ரோடு. லெம்பு என்றால் பசு, காளை. பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரி ஒருவரின் பெயரில். டெஸ்கர் ரோடு, இறைச்சிக் கூடம் நடத்திய குடும்பத்தின் பெயரில்.

ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சதுப்புநிலப் புல்லும் மாடு வளர்க்கத் தோதாக இருந்தன. அந்தக் காலத்தில் மாடு என்பது பாலும் இறைச்சியும் மட்டுமில்லை. வண்டி இழுப்பதும் செக்கு இழுப்பதும் அதுதான். கோதுமை அரைக்கும் ஆலை, நல்லெண்ணெய்ச் செக்கு, அன்னாசித் தொழிற்சாலை, பிரம்பு வேலை எல்லாம் மாட்டைச் சுற்றியே இங்கே வந்தன. பிண்ணாக்கும் அன்னாசிக் கழிவும் திரும்ப மாட்டுக்கே தீவனம். மாடு மேய்க்க, பால் கறக்க, வண்டி ஓட்ட ஆள் வேண்டும். இந்தியத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அரிசி, துணி, வெற்றிலை வேண்டும். கடைகள் வந்தன. கூடவே கோயிலும் சுடுசோறு போடும் மெஸ்ஸும்.

மாட்டுக்கு முன்பே வந்தவர்களும் உண்டு: கைதிகள். 1825 முதல் இந்தியக் கைதிகளைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தது ஆங்கிலேய அரசு. சிராங்கூன் சாலைச் சூளைகளில் செங்கல் அறுத்தவர்கள் அவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. 1873இல் சிறையை மூடியபோது பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

சுகாதார விதிகள் இறுகி, சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டதும் மாட்டுத் தொழில் மெல்லப் படுத்துவிட்டது. மாடு போனது, ஆட்கள் போகவில்லை. இப்போது பொங்கல் சமயத்தில் பால் பண்ணையிலிருந்து சில மாடுகளைக் கொண்டுவந்து இங்கே கட்டி வைக்கிறார்கள். போன வருடம் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மாட்டைப் பார்த்து "அது நிஜமா?" என்று கேட்டான். எருமைச் சாலையில் நின்றுகொண்டு!

பிழைக்க வந்தவர்கள் எப்படி வந்தார்கள்?

பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில், பாயை விரித்துக்கொண்டு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 'ரஜூலா' கப்பலின் பெயர் வராமல் இருக்காது. 1926இல் கட்டிய கப்பல், 1970கள் வரை ஓடியது. தஞ்சாவூர், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் அதிகம். நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கித் தனிமைப்படுத்திவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியதும் நினைத்தபோது கப்பலேறும் காலம் முடிந்தது.

வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். ஒரு கடைவீட்டு மாடியில் பலர் சேர்ந்து தங்கி, சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பிவிட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை போய் வந்தவர்கள். சிலர் ஊன்றி நின்றார்கள். பி. கோவிந்தசாமிப் பிள்ளை 1905இல் வந்து சிராங்கூன் சாலை மளிகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு 'பிஜிபி' கடைகள் என்றால் தெரியாத தமிழர் இல்லை. சீனிவாசப் பெருமாள் கோயில் ராஜகோபுரத்துக்குப் பணம் கொடுத்தவரும் அவர்தான்.

இது முழுக்க இந்தியப் பகுதியாகவே இருந்ததா?

ஒருநாளும் இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரே ஐரோப்பியர்களின் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஃபேரர் பார்க்கில் 1840களில் தொடங்கிய பந்தயத் திடல் 1933இல்தான் புக்கிட் தீமாவுக்கு மாறியது. சிங்கப்பூரில் முதன்முதலில் விமானம் பறந்ததும் அந்தத் திடலிலிருந்துதான், 1911இல். டன்லப், நோரிஸ், கஃப் என்று தெருக்களுக்கு இருக்கும் பெயர்களும் ஐரோப்பியப் பெயர்கள்.

கெர்பாவ் ரோட்டில் வானவில்லைக் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு வீடு நிற்கும், எல்லாச் சுற்றுலாப் பயணியும் அதன் முன்னால் படம் எடுப்பார். அது 1900இல் தான் டெங் நியா என்ற சீன மிட்டாய்த் தொழிலதிபர் கட்டியது. வண்ணம் பின்னாளில் அடித்தது. இந்தியப் பகுதியின் அடையாளமாக அஞ்சலட்டையில் வருவது ஒரு சீன வீடு என்பதில் எனக்கு அலாதி சந்தோஷம். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசல், சிராங்கூன் சாலையிலேயே அங்குலியா பள்ளிவாசல், கம்போங் காப்பூரில் மெதடிஸ்ட் தேவாலயம், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஆயிரம் விளக்குப் புத்தர் கோயில். எல்லாம் நடந்து போகிற தூரம்தான்.

சந்தையில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரர் சீனர். அறுபது வயதுக்கு மேல். "முருங்கைக்காய் இன்னிக்கு நல்லா இருக்கு, தங்கச்சி" என்பார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து முற்றலா பிஞ்சா என்று அவர் சொல்லும் வேகம் எனக்கு இன்னும் கைவரவில்லை.

கோயில்களில் எது பழையது? எதற்கு முதலில் போகலாம்?

சீனிவாசப் பெருமாள் கோயில் 1855. வீரமாகாளியம்மன் கோயில் 1881. வங்காளத் தொழிலாளர்கள் கட்டியதாகச் சொல்வார்கள். முன்பு அதற்குச் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே பெயர். போரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது அக்கம்பக்கத்து ஜனங்கள் காளியம்மனிடம்தான் ஓடி ஒளிந்தார்கள், கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தைப்பூசத்துக்குக் காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். முருகனுக்கு எடுக்கும் காவடி பெருமாள் வாசலிலிருந்து புறப்படுவது ஏன் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். மருமகன் வீட்டுக்குப் போக மாமன் வீட்டிலிருந்து கிளம்புகிறோம், இதில் என்ன அதிசயம் என்பேன்.

போர்க்காலத்தில் இங்கே என்ன நடந்தது?

1942 பிப்ரவரி 15இல் ஆங்கிலேயர் சரணடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேரை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. பின்னாளில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடிய பக்கம்.

சரி, இப்போது இங்கே யார் குடியிருக்கிறார்கள்? தமிழர்கள் அதிகமா?

கடைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் தளத்தில் எட்டு வீடு. தமிழ் பேசும் வீடு இரண்டு. 1989 மார்ச்சிலிருந்து வீவக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒரு பேட்டையில் இந்தியரும், சீனர், மலாய்க்காரர் அல்லாத பிற இனத்தவரும் சேர்ந்து 12 விழுக்காட்டையும், ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. தீவு முழுக்க ஒரே விதி, தேக்காவுக்குத் தனிச் சலுகை கிடையாது.

இதன் நடைமுறை அர்த்தம்: புளோக்கில் இந்தியர் வரம்பு நிறைந்துவிட்டால், இந்தியர் ஒருவர் அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே வீடு வாங்க முடியும். எங்கள் மாடியில் ஒரு சீன மாமா வீட்டை விற்க வந்தார். எதிர் புளோக்கில் வாடகைக்கு இருந்த தமிழ்த் தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. வரம்பைப் பார்த்தால் இடமில்லை. மாமா வேறு ஆளைத் தேடினார், அவர்கள் செங்காங்குக்குப் போனார்கள். இப்போதும் ஞாயிறு காலையில் மீன் வாங்க ரயிலேறி வருகிறார்கள். ஆகவே வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீவக இணையப் பக்கத்தில் அந்த புளோக்கின் வரம்பைப் பார்த்துவிடுங்கள், மாதாமாதம் மாறும்.

எனக்குக் கொள்கை மீது பெரிய கோபமில்லை. தேக்கா முதலிலிருந்தே தமிழர் குடியிருக்கும் இடத்தைவிடத் தமிழர் வந்து போகும் இடமாகத்தான் இருந்திருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவர் இங்கே வந்தார், இன்று தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்தும் செங்காங்கிலிருந்தும் வருகிறார்கள்.

வாடகைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். இன வரம்பு வாடகைக்கு இல்லை. ஆனால் மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் முழு வீட்டை எடுக்க வேறொரு வரம்பு உண்டு. அறை மட்டும் எடுத்தால் அந்தத் தொல்லை கிடையாது. வீவக வீடு என்றால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். கட்டுமானத்துறையில் வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் இந்தியத் தொழிலாளர் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. கடைவீட்டு மாடிகளும் உண்டு. படிக்கட்டு செங்குத்து, மழைக்காலத்தில் சுவர் ஓதம். ஓதம் எனக்கு ஆகாது, உங்களுக்கு எப்படியோ.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் இதே வட்டாரத்தில் அறை தேடியபோது ஒரு வீட்டுக்காரர் போனில் முதல் கேள்வியாக "இந்தியரா? சமைப்பீர்களா?" என்றார். பின்னால் சிராங்கூன் சாலை பேருந்துச் சத்தமும், எங்கிருந்தோ கடுகு தாளிக்கும் ஓசையும் கேட்டுக்கொண்டிருந்தன. இப்படிக் கேட்பது அபூர்வமில்லை. மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

கூட்டம் உண்மை. மோசம் என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஜனம் நிரம்பும். அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பணம் அனுப்பும் கடையில் வரிசை, சிம் அட்டைக் கடையில் வரிசை, புரோட்டாக் கடையில் வரிசை. டெஸ்கர் ரோடு, லெம்பு ரோடு பக்கம் போனால் வங்காள மொழிதான் காதில் விழும், பங்ளாதேஷ்காரர்களின் இடம் அது. புல்தரையில் உட்கார்ந்து ஆளாளுக்குக் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார்கள். ஒருமுறை பையோடு கடந்து போகும்போது ஒரு தம்பி, ஊரில் குழந்தை எழுதிய 'அ'வைத் திரையில் பார்த்து, "சுழி இன்னும் பெருசா போடு கண்ணு, ஆங், அப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு நாள் வெயிலில் வேலை பார்த்தவருக்குக் கிடைத்த ஒரு மாலை. "கூட்டமா இருக்கு" என்று அலுத்துக்கொள்ள அதன்பிறகு வாய் வருவதில்லை.

தொற்றுக்காலத்தில் தங்குவிடுதிக்காரர்கள் வெளியே வர முடியாமல் இருந்தபோது கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். 2022 ஜூனிலிருந்து, விடுதியில் இருக்கும் ஊழியர்கள் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உட்பட நான்கு இடங்களுக்கு வர முன்கூட்டி அனுமதிச் சீட்டு எடுக்கும் ஏற்பாடு வந்தது.

2013 கலவரத்துக்குப் பிறகு பாதுகாப்பு எப்படி?

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ஷயர் ரோடும் சேரும் முனையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கூட்டம் கொந்தளித்து, காவல் வண்டிகளும் ஓர் ஆம்புலன்ஸும் எரிந்தன. சன்னல் வழியே புகை தெரிந்தது. மறுநாள் காலை சந்தையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

2015 ஏப்ரல் முதல் மதுச் சட்டம் வந்தது. தீவு முழுக்க இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. இங்கே அதைவிடக் கடுமை: சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை தடை. பெண்கள் தனியாக நடக்கலாமா என்றால், நான் இரவு பதினொன்றுக்கும் நடக்கிறேன். பயம் வந்ததில்லை.

பிள்ளைகளின் தமிழுக்கு இங்கே இருப்பது உதவுமா?

ஓரளவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, பத்து வருடத்துக்கு முன் 3.3. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பது பலகையைக் காப்பாற்றும், வீட்டுப் பேச்சைக் காப்பாற்றாது. பீட்டி ரோட்டில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் பக்கம்தான், இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் கேம்பல் லேனில் இருக்கிறது. என் மகளுக்கு இரண்டையும்விட உதவியது பூக்கடைதான். "ரெண்டு முழம் மல்லி, ஒரு முழம் கதம்பம்" என்று அவளையே கேட்டு வாங்கச் சொல்வேன். பூக்கார அக்கா ஆங்கிலத்தில் கேட்டால் காது கேளாதவர்போல் இருந்துவிடுவார்.

சத்தம், வாடை, எலி?

மூன்றும் உண்டு. விடியும் முன்பே லாரியில் சரக்கு இறங்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி. எட்டாவது மாடிக்கு மேலே எடுங்கள், சந்தைப் பக்கம் பார்க்காத படுக்கையறையாக.

வீடு பார்க்க எப்போது வரலாம்?

இரண்டு தடவை வாருங்கள். செவ்வாய் காலை ஒன்று, ஞாயிறு மாலை ஒன்று. செவ்வாய் அன்று தெரு வெறிச்சென்று இருக்கும், வீட்டு முகவர்கள் அந்த நாளைத்தான் சொல்வார்கள். ஞாயிறு ஏழு மணிக்கு அதே வீட்டின் சன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதற்கப்புறமும் பிடித்திருந்தால், கீழே வந்து ஒரு தே தாரிக் குடித்துவிட்டு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.